சிலிண்டருக்குள் 14 கிலோ, காற்றில் 42 கிலோ: கார்பன் தடமும் நமக்குரிய பங்கும்

வீட்டுக்கு வரும் சமையல் கேஸ் சிலிண்டருக்குள் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஒன்றரை மாதத்தில் அது முழுவதும் நீல நெருப்பாக எரிந்து தீர்ந்துவிடும். அது எரிந்ததில் காற்றில் கலந்த கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 42 கிலோ. முதலில் கேட்கும்போது கணக்கில் பிழை என்றே தோன்றும். பிழை இல்லை. கேஸில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால், சேர்ந்து உருவாகும் வாயுவின் எடை 44. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கரியமில வாயு. கேஸின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் கார்பன். மீதி ஹைட்ரஜன், அது நீராவியாகப் போய்விடும். பெருக்கிப் பார்த்தால் 42 வருகிறது.

அந்த 42 கிலோவை அடைத்துவைக்க முடிந்தால், பத்துக்குப் பத்து அறை ஒன்று தரையிலிருந்து கூரை வரை ஏறக்குறைய நிரம்பிவிடும். நிறமில்லை, மணமில்லை, அதனால் யாரும் அதை எண்ணுவதில்லை. ஒருவருடைய ஓராண்டு வாழ்க்கைக்காக இப்படிக் காற்றில் கலப்பதையெல்லாம் எண்ணிக் கூட்டினால் வருவதுதான் அவருடைய கார்பன் தடம்.

காற்றில் கலந்ததில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன. மீதி மேலேயே தங்குகிறது. அதிலும் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போகாது. நிலக்கரி யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280 கரியமில வாயுவாக இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரு மழையில் கழுவிப்போகும் புகை அல்ல இது. வடிகால் சிறுத்த ஏரியில் நீர் ஏறுவதுபோல ஏறிக்கொண்டே இருக்கிறது. கரை எவ்வளவு உயரம் என்பதும் தெரியும். அதனால்தான் “யாருக்கு எவ்வளவு பங்கு” என்ற கேள்வி வருகிறது. அதற்குப் போகும் முன், எண்ணுவது எப்படி என்று பார்த்துவிடலாம்.

எதையெல்லாம் எண்ணுவது

நம் கையில் எரிவது ஒரு வகை: அடுப்பில் கேஸ், வண்டியில் பெட்ரோல். நமக்காக வேறெங்கோ எரிவது இரண்டாவது வகை: மின்சாரம். வாங்கும் பொருளுக்குள் ஏற்கெனவே எரிந்து புதைந்திருப்பது மூன்றாவது: அரிசி, சிமென்ட், சட்டை, செல்போன், விமானச் சீட்டு. முதல் இரண்டையும் ரசீதை வைத்தே துல்லியமாகக் கணக்கிடலாம். மூன்றாவதில் தோராயம்தான் கிடைக்கும்.

கரியமில வாயு மட்டும் சூடேற்றுவதில்லை. நீர் தேங்கிய வயலிலிருந்தும் மாட்டின் வயிற்றிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் வரும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். யூரியா போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கு. இவற்றையெல்லாம் “எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்” என்று மாற்றித்தான் கூட்டுவார்கள்.

பொருளின் கணக்கு யார் தலையில் விழும்? திருப்பூரில் தைத்து ஜெர்மனிக்குப் போகும் பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். நாடுகளின் அதிகாரபூர்வக் கணக்கில் அதற்காக எரிந்த நிலக்கரி இந்தியாவுடையது. தனிமனிதத் தடத்தின் கணக்கில் அது பனியனை உடுத்துகிறவருடையது. இரண்டும் தவறல்ல; ஆனால் ஒன்றில் ஆரம்பித்து மற்றதில் முடித்தால் ஒரே பனியன் இரண்டு பேர் கணக்கிலும் ஏறிவிடும். இந்தியா வெளியே அனுப்பும் பொருள்களில் புதைந்திருப்பது, உள்ளே வாங்குவதில் இருப்பதைவிட அதிகம். நம் நாட்டுச் சராசரியைப் பேசும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் குடும்பம்

நான்கு பேர். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் கரண்ட், ஆண்டுக்கு 9 சிலிண்டர், இரண்டு இருசக்கர வண்டிகளுக்குச் சேர்த்து மாதம் 25 லிட்டர் பெட்ரோல்.

கரண்டில் தொடங்குவோம். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்திக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. மின்நிலையத்திலிருந்து வீட்டு மீட்டருக்கு வருவதற்குள் வழியிலேயே ஒரு பங்கு வீணாவதால், வீட்டில் செலவாகும் யூனிட்டுக்கு 0.8 கிலோ என்று வைத்துக்கொள்வதே சரி. ஆண்டுக்கு 3,000 யூனிட், ஆக 2,400 கிலோ. “தமிழ்நாட்டில்தான் காற்றாலையும் சோலாரும் நிறைய இருக்கிறதே, நமக்குக் குறையாதா?” என்று சிலர் கேட்பார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் வழியாகத் தென்மண்டலத் தொகுப்பும் நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்துவிட்டது. அன்று முதல் நாடு முழுவதற்கும் ஒரே குளம். கயத்தாற்றின் காற்றும் வடக்கேயுள்ள சிங்ரௌலியின் நிலக்கரியும் அதில் கலந்தே கிடக்கின்றன.

கேஸ்: 9 சிலிண்டர், சுமார் 380 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, ஆண்டுக்கு 300 லிட்டர், 690 கிலோ. (டீசல் என்றால் லிட்டருக்கு 2.7.) மூன்றையும் கூட்டினால் 3,470. நான்கால் வகுத்தால் தலைக்கு 870 கிலோ வருகிறது.

சாப்பாட்டில் எண்கள் நெகிழும். அரிசி கிலோவுக்கு 2.5 முதல் 4 கிலோ வரை, பால் லிட்டருக்கு 2 முதல் 3, கோழிக்கறி கிலோவுக்கு 5 முதல் 8, ஆட்டுக்கறி 25-க்கு மேல், பருப்பு 1 முதல் 2. மாதம் 25 கிலோ அரிசி, தினம் ஒன்றரை லிட்டர் பால், வாரம் ஒரு கிலோ கோழி, மாதம் ஒரு கிலோ மட்டன், எண்ணெய், காய்கறி என்று இந்த வீட்டுக்குப் போட்டால் ஆண்டுக்கு 3,300 கிலோ அளவில் வரும், தலைக்கு 830. பாலின் பங்கு இதில் அரிசியைவிடப் பெரிது என்பது பலருக்குப் புதிய செய்தி.

வீடு, துணி, மருத்துவமனை, பள்ளி, சாலை, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைக்கு அரை டன் முதல் முக்கால் டன். மொத்தம் 2.3 டன்னைச் சுற்றி நிற்கிறது இந்தக் குடும்பம். இந்தியாவில் நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிப்பதால் வரும் கரியமில வாயு மட்டும் தலைக்குச் சுமார் 2 டன். உலகச் சராசரி 4.7, சீனா 8-க்கு மேல், அமெரிக்கா 14.

இப்போது இன்னும் இரண்டு வீடுகள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் அடங்கும், ஆண்டுக்கு ஆறு சிலிண்டர் வாங்கும், பஸ்ஸிலேயே போய்வரும் நான்கு பேர் கொண்ட வீடு: சாப்பாடும் மற்றவையும் சேர்த்துத் தலைக்கு 1 டன் வந்தாலே அதிகம். அதே ஊரில் ஏ.சி. இரண்டு மூன்று ஓடும், இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட் காட்டும் வீடு: கரண்டில் 7.2 டன், மாதம் 100 லிட்டர் குடிக்கும் காருக்கு 2.8 டன். நால்வரும் அந்த ஆண்டு லண்டன் போய்வந்தால், சாதாரண வகுப்பில் ஆளுக்குக் குறைந்தது 1.2 டன், ஆக 4.8 டன். பிசினஸ் வகுப்பு என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு இருக்கை பிடிக்கும் இடம் அவ்வளவு பெரிது. கேஸ், சாப்பாடு, பொருள்கள் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 6 டன் அந்த வீட்டுக்கு. ஒரே தெருவில் ஒன்றும் ஆறும்.

கணக்கு எங்கே தப்பிப்போகும்

இரண்டு மாதப் பில்லை 12-ஆல் பெருக்குவதுதான் முதல் தப்பு. ஈ.பி. ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; 6-ஆல்தான் பெருக்க வேண்டும். ரூபாயை வைத்துக் கணக்குப் போடுவது அடுத்தது. அடுக்கு முறையில் கட்டணம் ஏறுவதால், பில் இரட்டிப்பானால் யூனிட்டும் இரட்டிப்பு என்று அர்த்தமில்லை. இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டைக் கழித்துவிடுபவர்களும் உண்டு. காசில்லாமல் வந்தாலும் அதற்கும் நிலக்கரி எரிந்திருக்கிறது.

கூரையில் சோலார் வைத்தவர்கள், ஏற்றுமதி கழிந்த நிகர யூனிட்டை எழுதிவிட்டு, “என் சோலார் இவ்வளவு மிச்சம் பிடித்தது” என்று அதன்மேல் மறுபடியும் ஒரு தொகையைக் கழிப்பார்கள். ஒரே லாபம் இரண்டு முறை கழிகிறது.

இணையத்தில் கிடைக்கும் கணக்குக் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ செய்தவை. பிரிட்டனில் ஒரு யூனிட்டுக்கு 0.2 கிலோ அளவில்தான் கணக்கு. அந்தக் கருவியில் நம் ஈ.பி. ரீடிங்கைப் போட்டால் தடம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மாறாக, குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் கணக்கு தானாகவே ஏறிக்கொண்டால் பொய்யாக வீங்கும். விடை டன்னில் வந்தால் அது கார்பனா, கரியமில வாயுவா என்றும் பாருங்கள், 3.67 மடங்கு வித்தியாசம் அங்கே ஒளிந்திருக்கும்.

எந்தக் கருவியும் கேட்காத ஒன்று, ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ். இப்போதைய ஒன்றரை டன் ஏ.சி.யில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஆர்-32 இருக்கும். ஒரு கிலோ வெளியேறினால் ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-22 என்றால் 1,800 கிலோ. நல்ல நிலையில் உள்ள ஏ.சி. கேஸைச் செலவழிப்பதே இல்லை. “ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் டாப்-அப் பண்ணணும் சார்” என்று மெக்கானிக் சொன்னால், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். பெரும்பாலும் செம்புக் குழாய் சேரும் ஃபிளேர் நட்டில், கடலோர ஊர்களில் உப்புக்காற்று அரித்த காயிலில். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, கசிவை அடைத்து, வாக்குவம் பம்ப் போட்ட பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். ஏ.சி.யைக் கழற்றி வேறு வீட்டுக்கு மாற்றும்போது உள்ளே இருப்பதைக் காற்றில் திறந்துவிடுவது இன்னும் பெரிய இழப்பு. கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இறக்கி வால்வை மூடிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

தலைமடையும் கடைமடையும்

இனி பங்குக்கு வருவோம். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடைக்கு அருகே இருப்பவர் தலைமடைக்காரர். வாய்க்காலின் கோடியில் இருப்பவர் கடைமடைக்காரர். ஏரியில் நீர் குறைந்தால் முறை வைப்பார்கள்: இன்னாருக்கு இத்தனை நாழிகை, நீர்பாய்ச்சியின் பொறுப்பு. தலைமடைக்காரர் மூன்று மாதம் இஷ்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு, நீர் வற்றும் நேரத்தில் “இன்று முதல் எல்லோரும் பாதியாகக் குறைப்போம்” என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? கடைமடைக்கு இன்னும் முதல் தண்ணீரே வந்திருக்காது.

காற்று மண்டலத்தில் நடந்தது அதுதான். 1750 முதல் இன்று வரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு, உலக மக்கள்தொகையில் 4 சதவீதம் உள்ள அமெரிக்காவுடையது. 17 சதவீதத்துக்கு மேல் மக்களைக் கொண்ட இந்தியாவின் பங்கு 3 முதல் 4 சதவீதம்.

1990-ல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம், இந்தியாவையும் பிரேசிலையும் பெரிய குற்றவாளிகள் வரிசையில் வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் அதற்குப் பதில் எழுதினார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது. கடலும் காடும் இழுத்துக்கொள்ளும் அளவு உலக மக்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்து. அதைத் தலைக்குச் சமமாகப் பிரித்துவிட்டு, அதற்குமேல் போனதை மட்டும் குற்றமாக எண்ணுங்கள் என்றார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்து வரும் மீத்தேனும், ஆடம்பரக் காரின் புகையும் ஒன்றா என்றும் கேட்டார்கள். உயிர்வாழ வேண்டி வருவது ஒன்று, சொகுசுக்காக வருவது ஒன்று. இந்தப் பிரிவினை இன்றைக்கும் பேச்சுவார்த்தை மேசைகளில் இருக்கிறது. 1992-ல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தம் “பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்” என்ற சொல்லை ஏற்றது அந்த வாதங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான்.

சரி, மிச்சமிருப்பது எவ்வளவு? ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021-ல் போட்ட கணக்கு இது. பூமி 2 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து இன்னும் 1,15,000 கோடி டன் கரியமில வாயுதான் விடலாம். உலகம் ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் விடுகிறது. 2024 முடிய ஐந்து ஆண்டுகளில் 20,000 கோடி போய்விட்டது. மீதி 95,000 கோடியை 820 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 115 டன். இது ஓராண்டுக்கு அல்ல. இனி உள்ள காலம் முழுவதற்கும். ஆண்டுக்கு 14 டன் விடுகிறவர் 8 ஆண்டில் தீர்த்துவிடுவார். 2 டன் விடுகிறவருக்கு 57 ஆண்டு வரும். இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கில் இன்னும் இலையே போடவில்லை.

1.5 டிகிரி என்றால் நிலைமை வேறு. 2025 தொடக்கத்தில், பாதிக்குப் பாதி வாய்ப்புக்கே மிச்சம் 13,000 கோடி டன்தான் என்கிறது விஞ்ஞானிகளின் புதிய மதிப்பீடு. உலகத்தின் மூன்றாண்டுச் செலவு. ஆளுக்கு 16 டன்.

இதை ஆண்டு இலக்காக மாற்றிய ஆய்வு ஒன்று பயன்படும். ஜப்பானின் உலகச் சுற்றுச்சூழல் உத்திகளுக்கான நிறுவனமும் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் 2019-ல் செய்தது. 1.5 டிகிரிக்குப் பொருந்த வேண்டுமானால், ஒருவருடைய வாழ்க்கைமுறைத் தடம் 2030-ல் 2.5 டன், 2040-ல் 1.4, 2050-ல் 0.7 என்று இறங்க வேண்டும். அந்த ஆய்வு எடுத்த அளவில் பின்லாந்துக்காரர் 10.4 டன்னில் இருந்தார், ஜப்பானியர் 7.6-ல், இந்தியர் 2-ல்.

நம் மாதிரிக் குடும்பம் 2.3-ல் இருக்கிறது, 2030 இலக்குக்குள் அடக்கம். ஒரு டன் வீடு இன்னும் ஏற வேண்டிய வீடு. ஆறு டன் வீடு ஐரோப்பியத் தலைமடைக்கே போய்விட்டது. இந்திய அரசு, சரியாகவே, நாட்டின் தலைச் சராசரியை முன்வைத்துத்தான் உலக மேடையில் பேசுகிறது. வளர்ந்த நாடுகளின் தலைச் சராசரியை இந்தியா ஒருபோதும் தாண்டாது என்று 2007-ல் ஜெர்மனியின் ஹைலிகண்டாமில் நடந்த ஜி-8 மாநாட்டை ஒட்டி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் வாக்களித்தார். நாட்டுக்கு அந்த வாதம் நியாயம். ஆனால் ஆறு டன் வீட்டுக்காரர் அதே சராசரியைத் தனக்குக் கவசமாகப் பிடிக்க முடியாது. அந்தச் சராசரி தாழ்ந்திருப்பதே ஒரு டன் வீடுகள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான். 2022-ன் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையில், மேல்தட்டுப் பத்து சதவீதம் பேர் உலக வெளியேற்றத்தில் 48 சதவீதத்துக்கும், கீழ்ப்பாதி மக்கள் 12 சதவீதத்துக்கும் பொறுப்பு. கோடு நாட்டு எல்லையில் மட்டும் ஓடவில்லை. நம் ஊருக்குள்ளும் ஓடுகிறது.

தனிமனிதத் தடம் என்ற பேச்சையே சந்தேகிப்பவர்கள் உண்டு. சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. 2004-ல் தன் இணையதளத்தில் தனிமனிதக் கார்பன் கணக்குக் கருவியை வைத்து, விளம்பரத்தால் இந்தச் சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது பிபி எண்ணெய் நிறுவனம். தோண்டி எடுத்து விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் எண்ண வைத்தது அது. ஆனாலும் கருவியை எறிய வேண்டியதில்லை. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளக்காமல் பங்கு கேட்க முடியாது. மின்நிலையத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கும் இதே எண்கள்தான் ஆதாரம்.

கார்பன் மட்டுமா பங்கு? நிலம், காடு, மீன், மேய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே அளவில் எண்ணும் முறையும் உண்டு. 1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் மத்திஸ் வாக்கர்நேகலும் உருவாக்கியது. ஒருவர் உண்பதை விளைவிக்கவும் அவர் விடும் கரியமில வாயுவை இழுக்கவும் எத்தனை ஹெக்டேர் வேண்டும் என்று பார்ப்பார்கள். பூமியால் தலைக்குத் தர முடிந்தது ஒன்றரை ஹெக்டேர் அளவு. மனித குலம் அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு எடுக்கிறது. ஓராண்டுக்குரியது எந்த நாளில் தீர்கிறது என்று இதிலிருந்து கணிக்கிறார்கள். 2025-ல் அது ஜூலை 24. இந்தத் தடத்திலும் பாதிக்கு மேல் கார்பன்தான்.

எதை மாற்றினால் எவ்வளவு இறங்கும்

இங்கே நம் உள்ளுணர்வு பலமுறை ஏமாற்றும். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒரு போனுக்கு ஆண்டு முழுக்க சார்ஜ் போடுவதே 5 யூனிட், 4 கிலோதான். 15 லிட்டர் கீசர் தினம் அரைமணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 290 கிலோ. 75 வாட் மின்விசிறியை எடுத்துவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டி, தினம் 15 மணிநேரம் ஓடினால் ஒரு விசிறியில் மட்டும் 200 கிலோ மிச்சம்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால்? பலர் இதைப் பெரிய பசுமை மாற்றம் என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகிறது. 100 யூனிட் என்று வைப்போம். அதே வேலையை இன்டக்‌ஷன் 117 யூனிட்டில் முடித்துவிடும். ஆனால் அந்த 117 யூனிட்டுக்கு மின்நிலையத்தில் 94 கிலோ வெளியாகிறது. சிலிண்டரில் 42. கேஸைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவருவதைச் சேர்த்தாலும் 50 தாண்டாது. இன்றைய மின்தொகுப்பில் இன்டக்‌ஷன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூரையில் சோலார் இருந்து பகலில் சமைத்தால் கதை தலைகீழ்.

மின்சார ஸ்கூட்டரில் மட்டும் ஏன் வேறு விடை வருகிறது? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டி கிலோமீட்டருக்கு 46 கிராம் விடும். மின்சார ஸ்கூட்டர் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எடுக்கும்; கிலோமீட்டருக்கு 28 கிராம். காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் முக்கால் பங்கைச் சூடாகவே வீணாக்கும்; நிலக்கரி மின்நிலையம் மூன்றில் இரண்டு பங்கை வீணாக்கும்; கேஸ் அடுப்போ பாதியை மட்டும். அதனால் மின்நிலையம் இன்ஜினை ஜெயிக்கிறது, அடுப்பிடம் தோற்கிறது. 3 யூனிட் மின்சாரம் கொள்ளும் ஸ்கூட்டர் பேட்டரியைச் செய்யவே 200 முதல் 300 கிலோ ஆகிவிடும். அந்தக் கடன் தீர 11,000 முதல் 17,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷத்தில் 1,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் பழைய வண்டியையே வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை எந்த வண்டியாலும் வெல்ல முடியாது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் டீசல் பஸ்ஸில் 50 பேர் இருந்தால் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 13 முதல் 14 கிராம். மின்சார ரயிலும் அதே அளவில்தான். ஒருவர் மட்டும் போகும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றாலும், 150 கிராம்.

கூரையில் 1 கிலோவாட் சோலார் தமிழ்நாட்டில் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் இறங்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஏ.சி. வீட்டுக்கு இதைவிடப் பெரிய ஒற்றை மாற்றம் கிடையாது. மாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழல் மதியம் பலகைமேல் விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பலகையில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,000 சதுர அடிக்கு 400 மூட்டை சிமென்ட், நான்கு டன் கம்பி என்பது மேஸ்திரிகளின் கைக்கணக்கு. அதில் சிமென்டும் கம்பியும் மட்டுமே 25 டன் அளவுக்கு வரும். மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் சாம்பல் கலந்த சிமென்ட், சாம்பல் கலக்காத ஓ.பி.சி.யை விடத் தடம் கணிசமாகக் குறைவு, வீட்டுக்குப் போதுமான வலுவும் உண்டு. ஆனால் அது மெதுவாக இறுகும். ஏழு நாளில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் 14 நாளாவது நனைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விரிசல் விட்ட பிறகு சிமென்டைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

நெல்லுக்கு ஒரு குழாய்

சாப்பாட்டில் அரிசியைக் குறைக்கச் சொல்லி ஏழை வீட்டிடம் கேட்பது அநியாயம். வயலில் செய்ய வழி இருக்கிறது. நம் விவசாயிகள் “காய்ச்சலும் பாய்ச்சலும்” என்று சொல்வதுதான். நீர் தேங்கி, மண்ணில் காற்றே இல்லாதபோது சில நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இடையிடையே வயலைக் காயவிட்டால் காற்று புகுந்து அந்த வேலை நின்றுபோகும். மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் குறையும், தண்ணீரும் மிச்சமாகும்.

ஒரு அடி நீளத்துக்கு ஆறங்குல பிவிசி குழாய் வேண்டும். கீழ்ப்பாதியைச் சுற்றிலும் துளை போட்டு, பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். அள்ளாமல் விட்டால் குழாய் பொய் சொல்லும். நட்ட 10 முதல் 15 நாளில் தொடங்கலாம். குழாய்க்குள் நீர்மட்டம் மண் பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது, விட்டால் பதராகும். வயல் வெடிக்கும்வரை காயவிட்டால் களை முந்திக்கொள்ளும். மேட்டுப் பகுதியில் பம்ப்செட் உள்ளவர் இதை நினைத்தபடி செய்யலாம். முறைப் பாசன வாய்க்காலை நம்பியிருப்பவரால் தான் விரும்பும் நாளில் தண்ணீர் வாங்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் தாழ்ந்த வயல்களில் வடிகாலே கிடையாது. அங்கே குறுவைக்குத்தான் இது சரிப்படும்.

“மரம் நட்டு ஈடுகட்டிவிடலாம்” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவில் இழுக்கும். ஒரு டன்னுக்கு 50 மரம், அதுவும் ஒன்றுகூடப் பட்டுப்போகாமல். ஆறு டன் ஆளுக்கு 300 மரம், அவர் வாழும்வரை.

அந்த ஒரு டன் வீட்டுக்குத் திரும்பி வருவோம். அவர்கள் ஒரு சிறிய ஃபிரிட்ஜ் வாங்கட்டும், ஆண்டுக்கு 200 யூனிட். இரண்டாவது அறைக்கு ஒரு பிஎல்டிசி விசிறி, பிள்ளைக்கு ஒரு லேப்டாப், மிக்ஸி எல்லாம் சேர்ந்து இன்னும் 300 யூனிட். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர், ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். கூட்டினால் வீட்டுக்கு 570 கிலோ, தலைக்கு 140. அவ்வளவும் வந்த பிறகும் அந்த வீட்டின் தடம் தலைக்கு 1.2 டன்னைத் தாண்டாது, 2030-க்குரிய 2.5 டன்னில் பாதிகூட இல்லை.